வெப்பவாக்கம்

உடல் தனக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வதைத் தெர்மோஜெனசிஸ் என்கிறார்கள். இரண்டு பகுதிகளும் கிரேக்கம்: 'தெர்மே' வெப்பம், 'ஜெனசிஸ்' பிறப்பு. இதை 'வெப்பமூட்டல்' என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊட்டல் என்றாலே ஊட்டுபவர் ஒருவர் வெளியே இருக்கிறார். அடுப்பு தண்ணீருக்குச் செய்வது அதுதான். உயிரணுவுக்குள் நடப்பதற்கு 'வெப்பவாக்கம்' பொருந்தும். மரம் + அடி மரவடி ஆவதுபோல வெப்பம் + ஆக்கம் வெப்பவாக்கம் ஆகிறது.

குளிரில் தாடை கிடுகிடுவென்று ஆடுகிறதே, அது நடுக்க வெப்பவாக்கம், தசைகளின் வேலை. பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. அதன் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் இருக்கும் பழுப்புக் கொழுப்புதான் அதைக் காக்கிறது. இது நடுக்கமில்லா வெப்பவாக்கம். 1551-லேயே சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் மார்மட் என்ற மலை அணிலிடம் இந்தத் திசுவைக் கண்டு, கொழுப்புமில்லை, தசையுமில்லை என்று எழுதிவைத்தார். பெரியவர்களின் உடலிலும் இது இயங்குகிறது என்பது ஐயமில்லாமல் தெரியவந்தது 2009-இல்தான்.

பழுப்பு நிறத்துக்குக் காரணம் அதில் நெருங்கிக் கிடக்கும் இழைமணிகள். மைட்டோகாண்ட்ரியா என்றால் பலருக்கும் தெரியும். அவற்றிலுள்ள இரும்புதான் நிறம் தருகிறது. தோலில் குளிர் பட்டதும் மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, நம் விருப்பத்துக்குக் காத்திராமல் இயங்கும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. நரம்பு முனையில் நார் அட்ரினலின் என்ற செய்தி வேதிப்பொருள் சுரக்கிறது, கொழுப்புத் துளிகள் உடைகின்றன, அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் யுசிபி1 என்ற புரதத்தைத் திறந்துவிடுகின்றன. வழக்கமாக இழைமணியின் உட்சவ்வைக் கடந்து உள்ளே திரும்பும் புரோட்டான்கள் ஏடிபி என்னும் ஆற்றல் நாணயத்தை அச்சடிக்க உதவும். யுசிபி1 அவற்றுக்குக் குறுக்குவழி காட்டுகிறது. நாணயம் விழாது, அத்தனையும் வெப்பமாகிவிடும். இந்தப் புரதத்தின் பழைய பெயர் தெர்மோஜெனின். 'வெப்பவாக்கி' என்றால் அதன் வேலை பெயரிலேயே தெரிந்துவிடும்.

உடற்பயிற்சியிலும் உடல் கொதிக்கிறது, ஆனால் அந்த வெப்பம் நோக்கமில்லை, உடன்விளைவு. தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்குதான் அசைவாகிறது, மிச்சமெல்லாம் சூடு. அந்த நேரத்தில் பழுப்புக் கொழுப்பும் எரிய வேண்டிய தேவையே இல்லை. நெடுந்தூர ஓட்டம் போன்ற பயிற்சிகளில் ஊறியவர்களைக் குளிரில் வைத்துப் பார்த்தபோது, அவர்களின் பழுப்புக் கொழுப்பு மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே குளுக்கோசை எடுத்துக்கொண்டது, அதாவது குறைவாகவே இயங்கியது.

எலிகளில் கதை வேறு. உழைக்கும் தசையிலிருந்து கிளம்பும் ஐரிசின் என்ற இயக்குநீர் ஆற்றலைச் சேமிக்கும் வெள்ளைக் கொழுப்பின் ஒரு பகுதியை, பழுப்பைப் போல வெப்பம் தரும் இளம்பழுப்புக் கொழுப்பாக மாற்றுவதாக 2012-இல் அறிவித்தார்கள். கிரேக்கத் தூது தேவதை 'ஐரிஸ்' பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். மனித உடலிலும் அந்தத் தூது அதே வேலையைச் செய்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதனால் 'பயிற்சி பழுப்புக் கொழுப்பைக் கூட்டும்' என்று எழுதுகிறவர்கள், எலியிலா மனிதரிலா என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.