டான் என்றால் எந்த டான்?

சிங்கப்பூரில் சீனக் குடும்பப்பெயர்களில் முதலிடம் டானுக்குத்தான். மரபணு ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு அந்தப் பெயர்க்காரர் ஒருவர்கூட வராத வாரம் அபூர்வம். சிலர் இரண்டு காகிதங்களோடு வருவார்கள். ஒன்று மருத்துவரின் பரிந்துரைக் கடிதம். மற்றொன்று, பணம் கட்டி எச்சிலை அனுப்பி வாங்கிய வம்சாவளிப் பரிசோதனை முடிவு. முதலில் நீட்டப்படுவது இரண்டாவதுதான். "நாங்கள் ஷுன் பேரரசரின் வாரிசுகள், மரபணுவும் அதை உறுதிசெய்துவிட்டது" என்பார்கள். ஷுன் என்பவர் சீனப் பழங்கதைகளில் வரும் பேரரசர். அந்தக் காகிதம் அப்படி எதையும் உறுதிசெய்யவில்லை. அது ஏன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

கதை நல்ல கதைதான், அதை மறுக்கவில்லை. மாண்டரினில் சென் என்று ஒலிக்கும் பெயர்தான் ஹொக்கியன், தியோச்சு கிளைமொழிகள் பேசுவோரின் வாய்களில் டான் ஆகிறது. கி.மு. 1046 வாக்கில் ஷாங் அரசை வீழ்த்திய சோ வம்சத்து வூ மன்னர், ஷுன் பேரரசரின் வழித்தோன்றலாகக் கருதப்பட்ட குய் மான் என்பவருக்குத் தம் மகளை மணமுடித்து, சென் என்ற சிற்றரசையும் கொடுத்தார் என்கின்றன பழைய வரலாற்று நூல்கள். இன்றைய ஹெனான் மாநிலத்தின் ஹுவாய்யாங் பகுதிதான் அதன் தலைநகரம். கி.மு. 478 வாக்கில் சூ நாடு அதை விழுங்கியது. சிதறிப்போனவர்கள் இழந்த நாட்டின் பெயரையே குடும்பப்பெயராக்கிக்கொண்டார்கள். அதற்கு முன்பே, கி.மு. 672இல், சென் வான் என்ற இளவரசர் கிழக்கே சி நாட்டுக்குத் தப்பியோடியிருந்தார். அடைக்கலம் தேடிப் போனவரின் சந்ததியினர் தியான் என்ற பெயரோடு அந்த நாட்டையே பிடித்துக்கொண்டார்கள், கி.மு. 386இல் அவர்களுக்கு அரசுரிமையும் கிடைத்தது. ஆக, தியான் என்பதும் இதே மரத்தின் கிளை. ஹூ, யுவான் பெயர்க்காரர்களில் பலரும் இதே மூலத்தைச் சொல்வதால், அமெரிக்காவில் சென், ஹூ, யுவான் ஆகிய மூன்று பெயர்களுக்கும் பொதுவான குலச் சங்கமே உண்டு.

தெற்கே வந்த கதை வேறு. கி.பி. 669இல் தாங் பேரரசின் படையோடு சென் செங் என்ற தளபதி ஃபூஜியன் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அவருடைய மகன் சென் யுவான்குவாங் 686இல் சாங்சோ என்ற ஆட்சிப் பகுதியை நிறுவி, பிற்காலத்தில் தெய்வமாகவே ஆகிவிட்டார். மகசின் சாலையில் இருக்கும் டான் குலக் கோயிலான போ சியாக் கெங்கில் வணங்கப்படுவது அவர்தான். 1870களில் அதைக் கட்டியவர்களில் ஒருவர் டான் கிம் சிங். நம் ஊரில் மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்த டான் டோக் செங்கின் மகன்.

இவ்வளவையும் கேட்டால், டான்கள் எல்லாரும் ஒரே தந்தைவழியில் வந்தவர்கள் என்ற எண்ணம் எவருக்கும் வரும். ஆனால் சோ காலத்தில் குலப்பெயரும் கிளைப்பெயரும் மேட்டுக்குடிக்கு மட்டுமே இருந்தன. உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் கிடையாது. சின், ஹான் பேரரசுகளின் காலத்தில்தான் குடும்பப்பெயர் எல்லா மக்களுக்கும் பரவியது. அப்போது சென் ஆனவர்களில் எத்தனை பேர் அரச இரத்தம், எத்தனை பேர் அந்த மண்ணில் வசித்த சாதாரணக் குடிகள்? பின்னர் கி.பி. 496இல் வடக்கு வெய் பேரரசர் சியாவோவென், தம் சியான்பெய் இன மக்களின் பெயர்களை எல்லாம் சீனப் பெயர்களாக மாற்றும்படி ஆணையிட்டார். ஹோமோசென் என்ற புல்வெளிக் குலம் ஒரே ஆணையில் சென் ஆகிவிட்டது. அவர்களுக்கும் ஹுவாய்யாங்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஃபூஜியனில் தத்தெடுப்பு வெகு சாதாரணம். ஆண் வாரிசு இல்லாத வீட்டிலும், கடலோடிக் குடும்பங்களிலும் வேறு குலத்துப் பையனை வாங்கி வளர்த்து, வம்சாவளி ஏட்டில் மகனாகவே எழுதிவிடுவார்கள். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவரின் பிள்ளைகள் தாயின் குடும்பப்பெயரைச் சூடுவதும் உண்டு. அமெரிக்காவில் நடந்தது இன்னும் சுவையானது. 1882இல் அங்கே சீனத் தொழிலாளர்கள் நுழையத் தடை வந்தது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோகவே, அங்கேயே பிறந்த குடிமகன் என்று சொல்லிக்கொள்ள வழி பிறந்தது. அப்படிச் சொன்னவர்களின் 'மகன்கள்' என்ற பெயரில், காசு கொடுத்து வாங்கிய பத்திரங்களோடு ஆயிரக்கணக்கானோர் நுழைந்தார்கள். பிறப்பால் ஒரு குலம், காகிதத்தில் வேறு குலம். அவர்களின் பேரன்கள் இன்று பரிசோதனைக் குழாயில் எச்சில் துப்பிவிட்டு முடிவைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

இனி மரபணுவுக்கு வருகிறேன். குடும்பப்பெயர் தந்தையிடமிருந்து வருகிறது; ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. இரண்டும் ஒரே தடத்தில் போவதால்தான் ஆய்வாளர்களுக்குக் குடும்பப்பெயர்கள் மீது இவ்வளவு ஆசை. ஆனால் கணக்கு கறாரானது. குய் மான் காலத்திலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 100 தலைமுறைகள். தத்து, பெயர் மாற்றம், திருமணத்துக்கு வெளியே பிறப்பு என எல்லாம் சேர்த்து ஒரு தலைமுறையில் 1 விழுக்காடு தடம் மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள், போதும். 100 தலைமுறை கடந்தபின் தடம் மாறாமல் இருப்போர் 37 விழுக்காட்டினர்தான். 2 விழுக்காடு என்றால் 13. அதுவும், தொடக்கத்தில் எல்லாரும் ஒரே ஆளின் பிள்ளைகள் என்று தாராளமாக வைத்துக்கொண்டு போடும் கணக்கு.

அப்படியானால் அந்தக் காகிதத்தில் இருந்தது என்ன? பெரும்பாலும் ஓ-எம்122 என்ற ஒய் குரோமோசோம் பிரிவு அல்லது அதன் உட்கிளை ஒன்று. ஹான் சீன ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தப் பிரிவில்தான் அடங்குகிறார்கள். ஃபூடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய சீன ஆண்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் புதிய கற்காலத்தில் வாழ்ந்த மூன்றே மூன்று ஆண்களின் நேர்த் தந்தைவழியில் வந்தவர்கள். அம்மூவரின் காலம் 5,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன். சென் என்ற நாடே அப்போது கிடையாது. டானுக்கும் லிம்முக்கும் வோங்குக்கும் அதே முடிவு வருவதில் வியப்பில்லை. பெயரைவிடப் பழைய ஓர் அடையாளத்தைக் காட்டிப் பெயரின் மூலத்தை நிறுவ முடியாது. அழகான வரைபடமும் பேரரசரின் ஓவியமும் அச்சிட்டு அனுப்பும் நிறுவனங்கள் இதை மட்டும் சிறிய எழுத்தில் போடுகின்றன.

முறையாகச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கும் சீனாவிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. மூன்று நாடுகளின் காலத்துத் தலைவர் சாவ் சாவ், கி.பி. 220இல் இறந்தவர். அவருடைய தந்தை ஓர் அரண்மனை அலியின் வளர்ப்பு மகன். அவர் உண்மையில் ஷியாஹோ குலத்துப் பிள்ளை என்று எதிரிகள் அன்றே பேசினார்கள். சாவ் குடும்பமோ, ஹான் பேரரசின் முதலமைச்சர் சாவ் ஷென்னின் வழி என்று பெருமை பேசியது. ஃபூடான் குழு, சாவ் சாவின் வாரிசுகள் என்று வம்சாவளி ஏடு வைத்திருக்கும் குலங்களைத் தேடிப்போய் ஒய் குரோமோசோமைப் பார்த்தது. ஹான் ஆண்களில் சிறுபான்மையினரிடமே காணப்படும் எம்268 பிரிவு அக்குலங்களில் மட்டும் தூக்கலாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஷியாஹோ குலத்தாரையும், சாவ் ஷென்னின் வாரிசுகள் என்போரையும் சோதித்தார்கள், அவர்களோடு ஒத்துப்போகவில்லை. இதோடு நிறுத்தியிருந்தாலும் அது ஊகம்தான். அன்ஹுய் மாநிலம் போசோவில் இருக்கும் சாவ் குடும்பக் கல்லறையில், சாவ் சாவுக்குப் பாட்டன் முறையான சாவ் திங்குடையதாகக் கருதப்படும் பற்களிலிருந்து மரபணு எடுத்தார்கள். அதுவும் எம்268. 2012, 2013 ஆண்டுகளில் இவை வெளியாயின. வளர்ப்பு மகன் அதே குலத்துக்குள்ளிருந்துதான் வந்தார் என்பதும், முதலமைச்சர் வாரிசு என்ற பெருமை வெறும் பெருமை என்பதும் தெரிந்தன. ஏடு, ஒப்பீட்டுக் குலங்கள், கல்லறைப் பற்கள் ஆகிய மூன்றும் கூடியதால் கிடைத்த விடை இது. எச்சில் குழாய் ஒன்றால் கிடைக்காது.

என் மேசையில் இதைவிட முக்கியமான சிக்கல் வேறு. குடும்ப நோய் வரலாறு கேட்டுக் கிளைப்படம் வரையும்போது, தந்தை, தாத்தா, பூட்டன் என்று மளமளவென்று சொல்பவர்கள், தாயின் தாய்க்கு என்ன பெயர் என்றால் திகைத்துவிடுகிறார்கள். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு; குடும்பப்பெயர் அவற்றில் ஒன்றே ஒன்றைச் சுட்டுகிறது. தென்சீன ஹான் மக்களின் தந்தைவழி பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தது, தாய்வழியில் உள்ளூர்ப் பழங்குடிகளின் பங்கு பெரிது என்று 2004இல் வந்த ஆய்வு காட்டியது. சென் யுவான்குவாங்கின் வீரர்கள் உள்ளூரில் பெண் எடுத்தார்கள் என்ற வழக்காற்றோடு இது பொருந்துகிறது. அந்தப் பெண்களின் பெயர்கள் ஏட்டில் இல்லை. அவர்களின் மரபணுக்கள் நோயாளியின் உடலில் இருக்கின்றன.

ஜி6பிடி குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். அந்துருண்டை நெடியும் சில மருந்துகளும் பட்டால் குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் நிலை இது. சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இதற்கான பரிசோதனை நடக்கிறது. குறைபாட்டுக்கான மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண் குழந்தைக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். "எங்கள் டான் வம்சத்தில் யாருக்கும் இது கிடையாது" என்று தாத்தா கோபப்படுவதில் பொருளில்லை. பேரனுக்கு அது வந்த வழியில் டான் வம்சமே இல்லை. ஆல்ஃபா தலசீமியா என்ற பரம்பரை இரத்தச் சோகையிலும் பெயரைவிட ஊர்தான் பேசும்: குவாங்டோங், குவாங்சி பகுதிகளில் அதிகம், வடசீனாவில் குறைவு. பெய்ஜிங்கிலிருந்து வந்த சென்னும் குவாங்சோவிலிருந்து வந்த சானும் (சென்னின் கான்டோனீஸ் ஒலிப்பு) ஒரே பெயர்க்காரர்களானாலும் இருவருடைய வாய்ப்புகளும் ஒன்றல்ல. எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. மார்பகப் புற்றுநோய் என்றால் தாய்வழியை மட்டும் சொல்லிவிட்டு, தந்தையின் சகோதரிகளை விட்டுவிடுவார்கள். அந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் தந்தையிடமிருந்தும் சரிபாதி வாய்ப்போடு வரும்.

அடுத்து, டானை மணக்கவிருக்கும் டான். ஒரே பெயர், பிள்ளைக்கு ஆபத்தா என்று கேட்டு வருவார்கள். பெரும்பாலும் கவலை பாட்டியுடையது. பாட்டியின் பக்கம் ஒரு நெடிய மரபு இருக்கிறது. ஒரே குலப்பெயருக்குள் மணம் செய்தால் தாங் சட்டத்தில் ஈராண்டு கட்டாய உழைப்புத் தண்டனை. தென்கொரியாவில் ஒரே பெயரும் ஒரே பூர்வீகமும் கொண்டவர்கள் மணப்பதற்கு இருந்த தடையை 1997இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. மரபணுக் கண்ணால் பார்த்தால், சீனாவில் ஐந்தாவது பெரிய பெயரைக் கொண்ட பல கோடிப் பேரில் இருவர் சந்திப்பதற்கும், வேறு பெயர்க்காரர்கள் சந்திப்பதற்கும் பெரிய வேறுபாடில்லை. நான் கேட்பது தாத்தா பாட்டிமார் நால்வரின் கிராமப் பெயர்களை மட்டும்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே மரபு அத்தை பிள்ளையையும் மாமன் பிள்ளையையும் மணப்பதை நெடுங்காலம் அனுமதித்தது. பெயர் வேறு, ஆகவே இரத்தம் வேறு என்ற கணக்கு. பங்காளி வீட்டில் பெண் எடுக்கக் கூடாது, மாமன் மகள் மட்டும் முறைப்பெண் என்று வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன? சித்தப்பா மகளானாலும் மாமன் மகளானாலும் பொதுவான மரபணு சராசரியாக எட்டில் ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் பிள்ளை கடுமையான பிறவிக் குறையோடு பிறக்க 2 முதல் 3 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இப்படிச் சித்தப்பா, மாமன், அத்தை பிள்ளைகளுக்குள் மணந்தால் அது ஏறக்குறைய இரு மடங்காகும். சீனா 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் இருவகை உறவையும் சேர்த்தே தடைசெய்தது.

வம்சாவளிப் பரிசோதனை வேண்டாம் என்று யாரையும் தடுக்க மாட்டேன். அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒரு முறை பேசிவிடுங்கள். அண்ணனும் தம்பியும் ஆசைக்கு அனுப்பி, இருவரின் ஒய் குரோமோசோமும் ஒத்துப்போகாமல் வந்து நிற்பதை இந்தத் தொழிலில் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த முடிவைத் திருப்பி அனுப்ப வழியில்லை. 80 வயதுத் தாய் உயிரோடு இருக்கும்போது அது வெறும் தகவலும் இல்லை. தரவு எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். 2023இல் இத்தகைய பரிசோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. சீன வம்சாவளியினரின் பட்டியல் தனியாகப் பிரிக்கப்பட்டு இணையத்தில் வெளியானது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பித்தது.

என்னிடம் வருவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் இல்லை. முன்னோரை வணங்கும் சிங் மிங் சமயத்தில் கல்லறைக்குப் போகும்போது எல்லாக் கற்களையும் படமெடுத்து வாருங்கள், பாட்டிகளுடையதையும் சேர்த்து. பழைய கற்களில் பூர்வீக ஊரின் பெயரும், பெண்ணுக்குப் புகுந்த வீட்டுப் பெயரோடு பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் பெரும்பாலும் செதுக்கியிருக்கும். அவருடைய சொந்தப் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிறந்த ஊரும் பிறந்த வீடும் தெரிந்தால் கிளைப்படத்தின் தாய்ப் பக்கத்தை வரையத் தொடங்கிவிடலாம்.