பள்ளம் தெரியவில்லை என்றால் சேதம் இல்லை என்றா அர்த்தம்?

இந்த வாரமும் அதே மாதிரி ஓர் அறிக்கை. விமானத்துக்கான கார்பன் ஃபைபர் பேனல், உள்பக்கம் விறைப்புக்காக நீளவாக்கில் வைத்த ஸ்ட்ரிங்கர் பட்டைகள். மோதல் சோதனையில் அடித்த இடங்கள் எல்லாம் இரண்டு ஸ்ட்ரிங்கர்களுக்கு நட்டநடுவில். "பள்ளம் ஆழமில்லை, ஆகவே சேதம் குறைவு" என்று முடிவு வேறு. எத்தனை முறைதான் இதைத் திருத்தி அனுப்புவது!

பள்ளத்தின் ஆழம், சேதம் கண்ணில் படுமா என்பதைச் சொல்லும். உள்ளே எவ்வளவு சேதம் என்பதைச் சொல்லாது. அலுமினியம் நசுங்கினால் நசுங்கியபடி நிற்கும். இழையும் பிசினும் சேர்த்து அடுக்கடுக்காகச் செய்த காம்போசிட் (கார்பன் ஃபைபர் பேனல் இந்த ரகம்தான்) பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும், பின்பக்க இழைகள் அறுந்திருக்கும். விழுந்த பள்ளமும் நாளாக ஆகக் கொஞ்சம் மேலெழும்பும். ரப்பர் பம்பர் வைத்த தரைவண்டி மெதுவாக இடித்தால், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே ஃபிரேம் (விமான உடலைத் தாங்கும் சட்டம்) விரிசல் விடலாம். அடுக்குகள் பிரிந்த பேனலில் அமுக்கு விசை வந்தால், அவை தனித்தனியாக வளைந்து கைவிட்டுவிடும்.

ஸ்கின், அதாவது பேனலின் வெளித்தகடு, இரண்டு ஸ்ட்ரிங்கர்களுக்கு நடுவில் வளைந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். ஸ்ட்ரிங்கர் காலின் (ஸ்கின்னோடு ஒட்டிய அடிப்பட்டையின்) ஓரம் விறைப்பானது, அங்கே அடித்தால் ஒட்டே பிரியும். அங்கே அடித்துப் பாருங்கள் ஐயா!

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஏசி 20-107பி சேதத்தை 5 வகையாகப் பிரிக்கிறது. ஆய்வில் கண்டுபிடிக்கப்படாமலே போகக்கூடியது முதல் வகை. அந்தச் சேதத்தோடும் பேனல் இறுதிச் சுமையை, பொதுவாக லிமிட் சுமையைப் (பயன்பாட்டில் எதிர்பார்க்கும் உச்சச் சுமை) போல் 1.5 மடங்கை, ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டும். கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை லிமிட் சுமை போதும் என்ற சலுகை இரண்டாம் வகையிலிருந்துதான் தொடங்குகிறது. தெரியாத சேதத்துக்குத்தான் கெடுபிடி அதிகம். நம் ஆட்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

காலின் ஓரத்தைச் சரிவாக மெலித்து முடியுங்கள். ஸ்ட்ரிங்கர் முடியும் இடத்தில் விறைப்பைப் படிப்படியாகக் குறையுங்கள், அங்கே ஒட்டை மட்டும் நம்பாமல் போல்ட்டும் போடுங்கள். ஒட்டு எவ்வளவு வலுவானது என்று அளந்து சொல்லும் அல்ட்ராசோனிக் கருவி இன்னும் வரவில்லை. ஒரே திசை அடுக்குகளைக் கற்றையாகக் குவிக்காதீர்கள். ஒற்றை ஸ்ட்ரிங்கர் துண்டோடும் நிறுத்திவிடாதீர்கள். பல ஸ்ட்ரிங்கர் பேனலில் நடு ஸ்ட்ரிங்கரையும் ஸ்கின்னையும் சேர்த்து அறுத்து, லிமிட் சுமை ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம், விமானத்தின் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எது இடித்தாலும் சொல்லிவிடுங்கள். துடைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். மேலாளர்களே, சொன்னவரைத் திட்டாதீர்கள்; திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.