வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்காதுன்னு தயவுசெஞ்சு நீங்களா முடிவு பண்ணாதீங்க

இந்த மாசத்துல இது மூணாவது. 82 வயசுப் பாட்டி, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து 11 நாள் கழிச்சு கூட்டிட்டு வர்றாங்க. வலது கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கமா சாஞ்சு கிடக்கு, எக்ஸ்ரே எடுக்கறதுக்கு முன்னாடியே இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்குன்னு தெரிஞ்சு போச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பாத்தா முதுகுக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். "இந்த வயசுல ஆபரேஷன் தாங்காதுன்னுதான், டாக்டர், ரெஸ்ட்ல வெச்சிருந்தோம்"ங்கறார் மகன்.

ரெஸ்ட்தாங்க தாங்காது! அசையாம படுத்தே கிடந்தா சளி கட்டி நிமோனியா வரும், கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போகும், யூரின் இன்ஃபெக்‌ஷன், புண்ணு, சாப்பாடு இறங்காது, நாள் கிழமை மறந்து பேச்சு குழறும், எலும்பு முறிவை விட இதுங்கதான் ஆளைக் கொண்டு போகுது. வயசு ஆனதாலதான் சீக்கிரம் பண்ணணும்னு சொல்றோம். முடிஞ்சவரைக்கும் 36லேர்ந்து 48 மணி நேரத்துக்குள்ள. சுகர், ஹார்ட் எல்லாம் மயக்க டாக்டர் பாத்துக்குவாங்க, நிறைய பேருக்கு முதுகுல ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வெச்சே பண்ணிடலாம்.

"தெரிஞ்சவங்களுக்கு பந்து மாத்தினாங்களே, எங்கம்மாவுக்கு ஏன் ராடு?"ன்னு கேக்கறாங்க. முறிஞ்ச இடம் வேறங்க. பந்துங்கறது இடுப்பு மூட்டுக்குள்ள உக்காந்திருக்கற தொடை எலும்போட உருண்டை முனை, அதை ஒட்டிக் கீழ இருக்கற ஒடுங்கின பகுதிதான் கழுத்து. தொடை எலும்போட கழுத்துல முறிஞ்சு விலகிடுச்சுன்னா பந்துக்குப் போற ரத்த ஓட்டம் கெட்டுடும், ஸ்க்ரூ போட்டாலும் ஒட்டறது சந்தேகம், அதனால பந்தை எடுத்துட்டு செயற்கைப் பந்து வைப்போம், அதுவரைக்கும் நல்லா நடமாடிட்டு இருந்தவங்களா இருந்தா முழு மூட்டையே மாத்தறதும் உண்டு. விலகலைன்னா ஸ்க்ரூ போதும். கழுத்துக்குக் கீழ முறிஞ்சா அங்க ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், ராடோ பிளேட்டோ வெச்சுப் பிடிச்சா எலும்பு ஒட்டிக்கும். எது பண்ணினாலும் பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடிச்சு நிக்க வெச்சுடுவோம், அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

விழுந்தவங்க நொண்டி நொண்டி நடக்கறாங்களேன்னு ஏமாறாதீங்க. சிலருக்கு முறிஞ்ச எலும்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிட்டு நிக்கும், வலி முட்டியில மட்டும் தெரியும், கால் குட்டையாவும் தெரியாது. எக்ஸ்ரே எடுங்க. தைலம் தேய்க்காதீங்க, காலை இழுக்காதீங்க. சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு வாங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறாங்கன்னா வந்ததும் முதல்ல அதைச் சொல்லுங்க.

வீட்டுல பாத்ரூம்ல கைப்பிடி, ராத்திரி ஒரு சின்ன லைட்டு, வழுக்கற மிதியடியைத் தூக்கிப் போடுங்க. தையல் பிரிச்சதோட முடிஞ்சுதுன்னு நினைக்காம எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து கேளுங்க, இன்னொரு இடுப்பும் அதே வலுவில்லாத எலும்புதானே.

அந்தப் பாட்டிக்கு இப்போ நெஞ்சுச்சளிக்கு மருந்து போயிட்டிருக்கு. அது குறைஞ்சாதான் ஆபரேஷன்.