நீர்மப் படிகக் கட்டப் பண்பேற்றி: சொல் விளக்கம்

பழைய வண்ணாரப்பேட்டையில் செல்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் ‘எல்சிடி’ என்றால் திரை என்றுதான் பொருள். ‘எல்சிடி போயிடுச்சு, மாத்தணும்’ என்று கடைக்காரர் சொன்னால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் அச்சுருக்கத்தின் முதல் இரண்டு எழுத்துகள் குறிக்கும் ‘லிக்விட் கிறிஸ்டல்’, ஆய்வகங்களில் ஒளியலையின் கட்டத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் நிற்கும் இடத்தை, மாற்றும் கருவியாகவும் அமைகிறது. ‘லிக்விட் கிறிஸ்டல் ஃபேஸ் மாடுலேட்டர்’ எனப்படும் அக்கருவிக்கு ‘நீர்மப் படிகக் கட்டப் பண்பேற்றி’ என்பதே பொருத்தமான தமிழ்ப் பெயர்.

1888-இல் பிராகு நகரில் தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் ரெய்னிட்சர், கொலஸ்டெரில் பென்சோயேட் 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கிய நீர்மமாவதையும், 178.5 பாகையில் அக்கலங்கல் தெளிவதையும் கண்டார். அவர் அனுப்பிய பொருளை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஓட்டோ லேமன் அதனை முதலில் ‘ஓடும் படிகம்’ என்றும், பின்னர் ‘நீர்மப் படிகம்’ என்றும் அழைத்தார். நீர்மம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி நிற்பதால் முரண்போல் ஒலிக்கும் இப்பெயர் சரியானதே. ‘திரவப் படிகம்’ என்பதும் வழக்கில் உள்ளது, அதில் குறையில்லை. ‘பளிங்கு’ என்று எழுதினால்தான் வாசகர் தரைக்குப் போடும் கல்லை நினைப்பார்.

‘ஃபேஸ்’ என்பதற்குத் தோற்றம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே மூலம். நிலவின் பிறைகளைக் குறித்து வந்த சொல், அலை தன் சுழற்சியில் எவ்விடத்தில் நிற்கிறது என்பதையும் பின்னர் குறிக்கலாயிற்று. பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கும் மாணவருக்குக் ‘கட்ட வேறுபாடு’ பழகிய சொல். அதனை மாற்றத் தேவையில்லை. இரண்டு இடங்களில் மட்டும் விழிப்பு வேண்டும். பொருளின் நிலையையும் ஆங்கிலத்தில் ‘ஃபேஸ்’ என்பதால் ‘நீர்மப் படிகக் கட்டம்’ என்று எழுதிவிட்டால் எது குறிக்கப்படுகிறது என்றே தெரியாது. அங்கு ‘நீர்மப் படிக நிலை’ எனல் வேண்டும். அதுபோலவே, இக்கருவியின் முகப்பு சிறுசிறு சதுரங்களாகப் பிரிந்திருப்பதால் அவற்றையும் ‘கட்டம்’ என்னத் தோன்றும். அவற்றைப் படப்புள்ளி (பிக்சல்) என்றே சொல்லலாம்.

பழைய கால்குலேட்டரின் முகப்பில் ஒட்டியிருக்கும், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாளை உரித்தால், மின்கலம் இருந்தும் எண்கள் மறைந்துவிடும். உரித்த தாளை மீண்டும் மேலே பிடித்தால் அவை தெரியும். தாளைத் தொண்ணூறு பாகை திருப்பினாலோ கருமையும் வெண்மையும் இடம் மாறும். ஒளியை மறைப்பது தாளே. நீர்மப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையை மட்டுமே திருப்புகிறது. கால்குலேட்டரில் மூலக்கூறுகள் முறுக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டப் பண்பேற்றியிலோ அவை முறுக்கின்றி இணையாகக் கிடக்கின்றன. கோல் வடிவ மூலக்கூறின் நீளவாக்கில் அதிர்வுறும் ஒளிக்கு ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.7, குறுக்குவாக்கில் 1.5. சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர, நீளவாக்கு ஒளி காணும் எண் 1.7-இலிருந்து 1.5-ஐ நோக்கி இறங்குகிறது. எண் இறங்கினால் ஒளி விரைந்து கடக்கும், அதனால் அதன் கட்டம் மாறும். 633 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு ஒரு முழு அலை அளவு கட்டம் மாற ஏறத்தாழ 3.2 மைக்ரோமீட்டர் தடிமனே போதும்; பின்புறம் கண்ணாடி வைத்து ஒளியை இருமுறை கடக்கச் செய்தால் அதிலும் பாதி. ஒரே திசை மின்னழுத்தம் அயனிகளை ஒருபுறம் ஒதுக்கிப் பொருளைக் கெடுக்குமாதலால் மாறுதிசை மின்னழுத்தமே தரப்படுகிறது.

‘கட்ட மாற்றி’ என்று சுருக்கினால் என்ன என்று கேட்கலாம். மைக்காத் தகடும் கட்டத்தை மாற்றும், ஆனால் எப்போதும் ஒரே அளவில். புள்ளிக்குப் புள்ளி நாம் விரும்பும் அளவை அலைமீது ஏற்றுவதே இக்கருவியின் தொழில். அதனால்தான் வானொலிப் பாடத்தில் பயின்ற ‘பண்பேற்றம்’ இங்கும் பொருந்துகிறது. பேச்சுக்குக் ‘கட்டப் பண்பேற்றி’ போதும். லித்தியம் நியோபேட் போன்ற திண்மப் படிகங்களாலான கட்டப் பண்பேற்றிகளும் உள்ளமையால், இரண்டும் சேர்ந்து வரும் கட்டுரையில் முழுப்பெயரையே எழுத வேண்டும்.