துடுப்புப் போட்ட வலி என்று விட்டுவிடாதீர்கள்

ஆலப்புழையில் ஒரு மருத்துவமனையில் சில வருடங்கள் பொது மருத்துவராக வேலை பார்த்தேன். அங்கே மழைக்காலம் வந்தால் கூடவே வள்ளம்களி என்ற படகுப் போட்டியும் வரும், எலிக்காய்ச்சலும் வரும். வள்ளம்களியைப் பற்றி டிவி பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். எலிக்காய்ச்சலைப் பற்றி அந்த வள்ளத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுண்டன் வள்ளத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். ஆஞ்சிலி மரத்தில் செய்த நூறு அடிக்கு மேல் நீளமான படகு, படமெடுத்த பாம்பு மாதிரி தூக்கி நிற்கும் பின்பக்கம், தொண்ணூறு நூறு பேர் ஒரே தாளத்தில் போடும் துடுப்பு. மீன் எண்ணெயும் கொட்டாங்கச்சிக் கரியும் முட்டையும் கலந்து பூசி மெருகேற்றிய மரம் அது. 1952-ல் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது அவருக்காக ஒரு போட்டி நடத்தினார்கள். பார்த்த உற்சாகத்தில் ஜெயித்த நடுபாகம் ஊர் வள்ளத்தில் அவரே தாவி ஏறிவிட்டார், அப்புறம் டெல்லியிலிருந்து வெள்ளிக் கோப்பை அனுப்பினார். புன்னமடைக் காயலில் இன்றும் நடப்பது அந்தக் கோப்பைக்கான போட்டிதான். வள்ளம் பெரும்பாலும் ஊர்ச் சொத்து. அது தோற்றால் ஊரே சாப்பிடாமல் படுக்கும்.

சரி, இதில் எலி எங்கே வந்தது?

ஆலப்புழையைச் சுற்றியுள்ள குட்டநாடு கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற பூமி. வயல் வரப்பு முழுக்க எலி வளை. ஜூன், ஜூலையில் தண்ணீர் ஏறினால் எலிகள் மேட்டைத் தேடி வரும், வள்ளத்தை வைக்கிற கொட்டகையான படகுப்புரை இருப்பதும் அந்த மேட்டில்தான். எலி மூத்திரத்தில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி ஈரத்திலும் சேற்றிலும் வாரக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். போட்டிக்கு முன்னால் பல நாள் பயிற்சி நடக்கும். தினமும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி வள்ளத்தைத் தள்ளி, உள்ளே தேங்கிய தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்கள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருக்கும், முட்டி மரத்தில் உரசித் தோல் போயிருக்கும். கிருமிக்கு அந்த வழி போதும். காயமே இல்லாவிட்டாலும் நெடுநேரம் ஊறிய தோல் வழியாகவும், கண்ணிலும் வாயிலும் தெறிக்கும் தண்ணீர் வழியாகவும் அது உள்ளே போகும்.

ஒரு வருடம் போட்டி முடிந்து பத்து நாள் கழித்து, முப்பதைத் தாண்டிய ஒரு துடுப்புக்காரரை அவர் மனைவி கூட்டி வந்தார். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி, “ஒண்ணுமில்ல டாக்டரே, துடுப்புப் போட்ட வலிதான்” என்றார். மனைவி குறுக்கே, “அஞ்சு நாளா காய்ச்சல் டாக்டர், நேத்திலேருந்து சரியா ஒண்ணுக்கும் போகல” என்றார். கண் மஞ்சளாக இருந்தது, வெள்ளைவிழி சிவந்தும் இருந்தது. கெண்டைக்காலை லேசாக அமுக்கினேன், அந்த வாட்டசாட்டமான ஆள் கத்திவிட்டார். நடுவில் வேறொரு இடத்தில் வலிக்கு இரண்டு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள், தண்ணீரில் இறங்கினாயா என்று யாரும் கேட்கவில்லை. சிறுநீரகம் நின்றுபோய் நான்கு முறை டயாலிசிஸ் செய்யவேண்டி வந்தது. பிழைத்துவிட்டார்.

இந்த நோய் துடுப்புக்காரரை ஏமாற்றுவது சுலபம், ஏனென்றால் அதன் முதல் அடையாளமே உடல் வலி, அவருக்கோ உடல் வலி பழகிப்போன விஷயம். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். உழைப்பு வலி அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். தோளிலும் முதுகிலும் முன்கையிலும்தான் அதிகம் இருக்கும், காய்ச்சல் இருக்காது. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் தண்ணீரில் இறங்கி ஐந்திலிருந்து பதினான்கு நாளைக்குள் குளிரோடும் கடும் தலைவலியோடும் வரும், சிலருக்கு ஒரு மாதம் வரைகூட ஆகலாம். வலி கெண்டைக்காலிலும் இடுப்பிலும் பிடிக்கும். உட்கார்ந்து துடுப்புப் போட்டவருக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலோடு கெண்டைக்கால் ஏன் இப்படி வலிக்கவேண்டும்? இந்த ஒரு கேள்வியை வீட்டில் இருப்பவர்கள் கேட்டால்கூட பாதி பேரைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடலாம். இன்னொன்று, காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டதுபோல் இருந்து மறுபடி ஏறும். விட்டுவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

உடம்பு வலுவாக இருப்பதால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம். 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் துடுப்புப் படகில் தங்கம் வென்ற பிரிட்டிஷ் வீரர் ஆண்டி ஹோம்ஸ், 2010 அக்டோபரில் இதே நோயின் முற்றிய நிலையில் இறந்துபோனார். வயது 51. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஒரு நீண்டதூரப் போட்டியில் ஓட்டியிருந்தார்.

மருத்துவரிடம் போனால் முதல் வாக்கியமாக “நான் வள்ளத்தில் இருந்தேன், தண்ணீரில் இறங்கினேன்” என்று சொல்லுங்கள், அவர் கேட்கக் காத்திருக்காதீர்கள். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் பரிசோதனை, முதல் சில நாட்களில் நோய் இல்லை என்று தவறாகக் காட்டலாம். அதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக்கூடாது, சந்தேகம் இருந்தாலே சிகிச்சை தொடங்கிவிடுவோம். ஆரம்பத்தில் சாதாரண டாக்ஸிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலும் போதும். மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக் மாதிரி வலிமாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், அடிபட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை அது இன்னும் அடிக்கும்.

வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. தண்ணீரில் இறங்கும் காலத்தில் வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின். கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள், 2018 வெள்ளத்துக்குப் பிறகு நிறையப் பேருக்குக் கொடுத்தார்கள். போட்டியன்று தொடங்கினால் பயனில்லை, பயிற்சி தொடங்கும்போதே தொடங்கவேண்டும். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போடுங்கள், போட்டவுடன் படுக்காதீர்கள், தொண்டைக்குக் கீழே புண்ணாகிவிடும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது கூடாது. கையில் கொப்புளம் உடைந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேடிக்கை பார்க்க ஊரிலிருந்து போகிறவர்களும் ஜெயித்த சந்தோஷத்தில் இடுப்பளவு தண்ணீரில் குதிக்கிறார்கள், அவர்களுக்கும் இதுவேதான்.

அந்தத் துடுப்புக்காரர் அடுத்த வருடம் ஜூனில் வந்தார். கையில் ஒரு நோட்டு, அதில் அவர் வள்ளத்தில் இருக்கும் எல்லாருடைய பெயரும், பக்கத்தில் வயதும், யாருக்கு என்ன மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதும் எழுதியிருந்தது. பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது டாக்டரே, ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.