எப்ஸ்டீன் அனாமலி: தாழ்ந்த மூவிதழ்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா ஒரு எக்கோ ரிப்போர்ட்டை நீட்டினார். "பாப்பாவுக்கு ஹார்ட்ல ஓட்டைன்னு நெனச்சுட்டு இருக்கோம் தம்பி. இதுல வேற ஏதோ பேரு போட்டிருக்கு, என்னன்னு பாருப்பா." போட்டிருந்த பெயர் எப்ஸ்டீன் அனாமலி. பாப்பாவுக்கு ஒன்பது வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், உதடு லேசாக நீலம் பாயும்.

பிறவியிலேயே வரும் இதயக் கோளாறு எதுவானாலும் எங்கள் பக்கம் 'ஓட்டை'தான். 1975-இல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவையைச் செய்தது இங்கேதான், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். 'பைபாஸ்' இன்று டீக்கடை பெஞ்சிலும் புழங்குகிறது. எப்ஸ்டீனுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. ஏறத்தாழ இரண்டு லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது அது. பெயர் பரவ வழியில்லை.

எப்ஸ்டீன் என்பது ஆளின் பெயர். வில்ஹெல்ம் எப்ஸ்டீன் ஒரு ஜெர்மன் மருத்துவர். பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் விரோட்ஸ்வாஃப்) இறந்துபோன 19 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவரின் இதயத்தை ஆராய்ந்து 1866-இல் எழுதினார். உயிரோடு இருப்பவரிடம் இதைக் கண்டுபிடிக்கும் வழி அன்று இல்லை. அனாமலி கிரேக்கச் சொல். 'சமமாக இல்லாதது' என்பது அதன் வேர்ப்பொருள். குறைபாடு, ஊனம் என்று தமிழில் எழுதுகிறார்கள். ஒரு குழந்தையைப் பற்றிப் பேசும்போது 'ஊனம்' எனக்கு உறுத்துகிறது.

இனி வால்வு. லத்தீனில் 'வால்வா' என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை. நமக்கு அது சைக்கிள் டியூபிலும் மோட்டார் பம்பிலும் இருப்பது. ஒருபக்கம் விடும், மறுபக்கம் விடாது. சரி, அந்த வேலைதான் இதயத்திலும். வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவில் இருப்பது டிரைகஸ்பிட் வால்வு. 'டிரை' மூன்று, 'கஸ்பிஸ்' ஈட்டிமுனை. இலங்கைத் தமிழர் நேராக 'முக்கூர் வால்வு' என்றார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'மூவிதழ் வால்வு'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் முக்கூர்தான் சரி. ஆனாலும் என் ஓட்டு மூவிதழுக்கு. இதழ் என்றால் பூவிதழ், உதடு, கண்ணிமை. மூன்றுமே திறந்து மூடுபவை.

அந்த மூன்று இதழ்களுக்கும் கருவிலேயே நேர்வதுதான் இந்தக் கோளாறு. வாழைத்தண்டிலிருந்து மட்டை உரிவதுபோல இதழ்கள் கீழறையின் சுவரிலிருந்து பிரிந்து வர வேண்டும். எப்ஸ்டீனில் இரண்டு இதழ்கள் சரியாகப் பிரியாமல், இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே சுவரோடு ஒட்டியே நின்றுவிடுகின்றன. முன்னிதழ் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக வளர்கிறது. 'பாய் போன்ற இதழ்' என்று மருத்துவர்கள் அதைச் சொல்வது படகுப் பாயை நினைத்துத்தான். காசிமேட்டு மீனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கதவு கீழே போய்விட்டதால் கீழறையின் மேல்பகுதி மேலறையோடு சேர்ந்துவிடுகிறது. மிச்சமுள்ள கீழறை சிறுத்துப்போகிறது. கதவும் ஒழுங்காகச் சாத்தாது. ரத்தம் பின்னுக்கே ஒழுகி மேலறை வீங்குகிறது.

'ஓட்டை' முழுப் பொய்யும் இல்லை. இவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மேலறைகளுக்கும் நடுவே ஒரு துளையும் இருக்கும். வலப்பக்கம் அழுத்தம் ஏறும்போது ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அதன் வழியே இடப்பக்கம் புகுந்துவிடும். உதடு நீலமாவது அதனால்தான். ஆனால் ஓட்டை என்று மட்டும் சொன்னால், அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். இங்கே மூலக்கோளாறு கதவில் இருக்கிறது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? முதலில் 'மூவிதழ் இறக்கம்' என்று யோசித்தேன். குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம் எல்லாம் மக்கள் நாவில் இருப்பவைதானே! அப்புறம் விட்டுவிட்டேன். இறக்கம் என்றால் மேலே இருந்தது பிற்பாடு இறங்கியது என்று ஆகும். கர்ப்பமாக இருந்தபோது குடம் தூக்கியதால்தானோ என்று அந்த அக்கா ஏற்கெனவே கலங்கிக்கொண்டிருந்தார். அவர் மனதில் இன்னொரு கல்லைப் போடும் சொல் வேண்டாம். 'தாழ்ந்த மூவிதழ்' என்றால் உள்ளபடி இருக்கிறது. மருத்துவருக்கும் புரியவேண்டிய இடத்தில் 'எப்ஸ்டீன் தாழ்மூவிதழ்' எனலாம்.

எவ்வளவு தாழ்வு என்பதை எக்கோ அளந்து சொல்லும். எல்லோருக்குமே மூவிதழ் இடப்பக்கத்து ஈரிதழ் வால்வைவிடச் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கும். உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 8 மில்லிமீட்டரை எட்டினால் எப்ஸ்டீன். இசிஜியும் முக்கியம். சிலருக்கு இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருந்து திடீர்ப் படபடப்பைக் கிளப்பும். அதைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே சுட்டு அடைப்பார்கள். லேசான தாழ்வோடு அறுவையே இல்லாமல் முதுமை வரை வாழ்பவர்களும் உண்டு, முறையாகப் பரிசோதனைக்குப் போய்வந்தால் போதும்.

கோளாறு பெரிதானால் அறுவை. பிரேசிலின் ஜோசே பெட்ரோ டா சில்வா 1993-இல் தொடங்கிய முறைக்குக் 'கோன்' என்று பெயர். ஒட்டிக்கிடக்கும் இதழ்களைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்து, பெரிய முன்னிதழோடு சேர்த்துக் கூம்பாகத் தைத்து, வால்வு இருக்கவேண்டிய வளையத்திலேயே பொருத்துவார்கள். கோன் என்பதற்குக் 'கூம்பு' என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. பூ இதழ் மூடுவதும் தமிழில் கூம்புதல்தான். சங்கத் தமிழில் கூம்பு என்றால் பாய்மரம். கை கூப்புவதும் அந்த வேரிலிருந்து வந்ததே.

அக்காவுக்கு இரண்டு கையையும் கூப்பி, விரல்களை விரித்து மூடிக் காட்டினேன். பாப்பாவும் செய்து பார்த்தாள். அடுத்த வாரம் எம்ஆர்ஐ. கீழறையில் வேலைசெய்யும் பகுதி எவ்வளவு மிச்சம் என்று அதில் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டின் பின்பக்கம் 'தாழ்ந்த மூவிதழ்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.