டர்பினேட்: மூக்குச் சுருள்

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் வந்தவர்களுக்கு ‘டர்பினேட்’ பழகிய சொல். அது வீங்கிவிட்டால் ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்பது வீட்டு வழக்கு. இலத்தீனில் ‘டர்போ’ என்றால் பம்பரம். பம்பரத்தின் வடிவைக் குறித்த அடைமொழியே, மூக்கறையின் பக்கச் சுவரிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு நிற்கும் மெல்லிய தகட்டுக்குப் பெயராயிற்று. அதன் மறுபெயரான ‘காங்கா’ கிரேக்க வழி வந்தது. சிப்பியைக் குறித்த அச்சொல்லுக்கு வடமொழிச் ‘சங்க’ உறவு என்பர் மொழிநூலார். ஆகவே ‘சங்கெலும்பு’ என்பதும் பொருந்தாத பெயர் அன்று.

ஈரச் சவ்வு போர்த்த இச்சுருள்களின் மேல் படர்ந்து செல்லும் உள்மூச்சு சூடும் ஈரமும் பெறுகிறது. அதனால் குளிர்ந்த அதே சவ்வின் மீது வெளிமூச்சு திரும்பும்போது, அதிலுள்ள நீராவியில் ஒரு பங்கு அங்கேயே துளிர்த்து உடலுக்கு மீள்கிறது. ஓய்விலும் ஊர்வனவற்றைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் செலவிடும் பாலூட்டி, ஓயாத மூச்சினால் வறண்டுவிடாமல் இருப்பதற்கு இது பெருந்துணை.

பாலூட்டிகளின் மூதாதையரும் அடங்கிய, அழிந்துபோன தெரப்சிடு என்னும் விலங்குகளின் வளர்சிதை மாற்றத்தை அறிய விரும்பியோர் மூக்குச் சுருளைத் தேடியதன் காரணம் இதுவே. சுருள்கள் எளிதில் புதைபடிவமாவதில்லை. அவை ஒட்டியிருந்த வரப்புகள் மட்டும் எலும்பின் உட்புறத்தில் எஞ்சும். மோப்பச் சுருள்கள் மூச்சுப் பாதையை விட்டு விலகிப் பின்னே ஒதுங்கியிருக்க, மூச்சுச் சுருள்கள் பாதையின் நடுவிலேயே நிற்பதால், வரப்பு இருக்கும் இடமே அதன் வேலையைச் சொல்லிவிடும். தென்னாப்பிரிக்காவில் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்த கிளானோசூக்கஸ் என்னும் ஊனுண்ணித் தெரப்சிடின் மூக்கறையில் அத்தகைய முன்வரப்பைக் கண்ட ஆய்வாளர் வில்லெம் ஹில்லெனியஸ், வெப்பக்குருதியின் தொடக்கம் டிரையாசிக்குக்கு முந்தைய பெர்மியன் காலத்தது என்று 1994-இல் வாதிட்டார். உடல் வெப்பத்துக்கு ஏற்ப வடிவம் வேறுபடும் உட்செவிக் குழல்களை அளந்த 2022-ஆம் ஆண்டு ஆய்வோ அதனைச் சுமார் 23.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிரையாசிக் காலத்துக்குத் தள்ளிவைத்தது.

இனித் தமிழ்ச் சொல். ‘சுருளெலும்பு’ மனித மூக்குக்குச் சரி, தெரப்சிடுக்குச் சரியாகாது. அவற்றின் வரப்புகளில் ஒட்டியிருந்தது எலும்பா, குருத்தெலும்பா என்பதே வழக்காயிருக்க, பெயரிலேயே எலும்பை வைப்பது தீர்ப்பை முந்திச் சொல்வதாகும். ‘மூக்குச் சுருள்’ என்று பொதுவாகவும், வேலை பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் மூச்சுச் சுருள், மோப்பச் சுருள் என்றும் வழங்குவதே தகும்.